தட்டில் சோறு மட்டும் நிறைந்தால் மெக்னீசியம் குறையும்

இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தாலும், தூக்கம் பிடிக்காவிட்டாலும், பகலெல்லாம் அசதியாக இருந்தாலும் இப்போது பலர் முதலில் சந்தேகப்படுவது மெக்னீசியத்தைத்தான். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை கேட்கிறார்கள். மாத்திரை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குக் குறை இருப்பது சாப்பாட்டுத் தட்டில். அதைச் சரிசெய்ய வேண்டிய பொருள்கள் தெருமுனை மளிகைக்கடையிலும் கீரைக்காரரின் கூடையிலும் இருக்கின்றன.

மெக்னீசியம் (வெளிமம்) ஒரு தாது உப்பு. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 25 கிராம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தசைகளிலும் மற்றத் திசுக்களிலும் உள்ளது. முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் (உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள்) வேலை செய்ய இது வேண்டும். தசை சுருங்குவதைக் கால்சியம் தூண்டுகிறது என்றால், அது தளர்வதற்கு மெக்னீசியம் உதவுகிறது. இதயம் சீராகத் துடிப்பதிலும், இன்சுலின் சரியாக வேலை செய்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்தன.

இந்த அளவு நமக்கு ஏன் எட்டாமல் போகிறது? முதல் காரணம் அரிசி ஆலையில் இருக்கிறது. நெல்லின் மெக்னீசியம் பெரும்பாலும் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நன்றாகத் தீட்டிய அரிசி 100 கிராமில் மிஞ்சுவது ஏறக்குறைய 20 மில்லிகிராம்தான். தீட்டாத அரிசியில் இதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். கோதுமை மைதாவாகும்போதும் இதே கதைதான்.

ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, இரவு மறுபடியும் தோசை. இப்படிச் சாப்பிடுகிறவர் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அந்த அரிசியிலிருந்து அவருக்குக் கிடைப்பது அறுபது எழுபது மில்லிகிராம்தான். சாம்பாரில் நீர்க்கக் கரைத்த பருப்பு, மாவில் கலந்த உளுந்து, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல் எல்லாம் சேர்ந்தாலும் தேவையில் பாதியைத் தொடுவதே பெரிது. வயிறு நிறைந்துவிடுவதால் குறை தெரிவதில்லை. வீட்டில் பட்டினி இல்லாதபோதே இந்தத் தாது குறைவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வகைக் குறைவு உண்டு. சாப்பிட்டது போதுமானதாக இருந்தும், உடலில் தங்காமல் வெளியேறுவது அது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயில் சிறுநீரோடு சர்க்கரை போகும்போது மெக்னீசியமும் சேர்ந்து போகிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கும், குடல் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும் நோய்களும், தொடர்ந்து மது அருந்துவதும் இதே விளைவைத் தரும். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் சில சிறுநீர்ப்பெருக்கிகள் (நீர் மாத்திரைகள்) இதை வெளியேற்றும். பலர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள்தான் அது. இவற்றை நெடுங்காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், எடுக்கிறவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்த மாத்திரையை, சீட்டைக் காட்டிக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நீங்களும் அப்படி என்றால் அடுத்த முறை மருத்துவரிடம், “இது இன்னும் எனக்குத் தேவையா?” என்று கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

அறிகுறிகளில் தொடக்க காலத்தவை பிடிபடாதவை. பசியின்மை, குமட்டல், சோர்வு, தசைகளில் பலமின்மை ஆகியவை நூறு காரணங்களால் வரும். குறைவு கடுமையானால் விரல்களில் மதமதப்பு, வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, கை கால் தசைகள் இழுத்துக்கொள்ளுதல், படபடப்பு, இதயத் துடிப்பு தவறுதல், வலிப்பு வரை போகலாம். துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ அது சமையலறையில் தீர்க்கும் விஷயம் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கெண்டைக்கால் குரக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். முதியவர்களுக்கு இரவில் வரும் குரக்குக்கு மெக்னீசியம் மாத்திரையால் சொல்லும்படியான பலன் இருக்க வாய்ப்பில்லை என்பதே, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2012-இலும் 2020-இலும் சொன்ன முடிவு. நாளெல்லாம் நின்று வேலை செய்வது, தண்ணீர் போதாமை, சில மருந்துகள், ரத்த ஓட்டக் குறைவு என்று குரக்குக்குக் காரணங்கள் பல. இழுக்கும்போது காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பிடித்து முகத்தை நோக்கி மெல்ல இழுங்கள். பெரும்பாலும் பிடிப்பு விட்டுவிடும்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உடலின் மொத்த மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தத்தில் அதன் அளவைச் சரியாக வைத்துக்கொள்ள உடல் எலும்பின் இருப்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். ஆகவே அறிக்கையில் அளவு குறைந்திருந்தால் அது நிச்சயம் கவனிக்க வேண்டிய செய்தி. சரியாக இருந்தால், இருப்பும் நிறைவாக உள்ளது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இதற்காக எல்லோரும் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. மேலே சொன்ன மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களும், சர்க்கரை கட்டுப்படாதவர்களும், பொட்டாசியம் அல்லது கால்சியம் குறைந்து சிகிச்சைக்கும் ஏறாதவர்களும் செய்துகொள்ளலாம்.

இனி அடுக்களைக்கு வருவோம். மெக்னீசியத்துக்கென்று எதையும் புதிதாகப் பழகத் தேவையில்லை. மூன்று வேளை அரிசியில் ஒரு வேளையை மாற்றுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றிலும் 100 கிராமுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கிறது. தீட்டிய அரிசியைவிட ஆறேழு மடங்கு. காலையில் ஒருவர் சாப்பிடும் கேழ்வரகு அடைக்கு 75 கிராம் மாவு பிடிக்கும். அதிலேயே நூறு மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். அடையில் முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு, வெங்காயம் சேர்த்துத் தட்டினால் இன்னும் கூடும். மாவை நைசாகச் சலித்து, தோலை எறிந்துவிடாதீர்கள். சர்க்கரை கலந்து டப்பாவில் வரும் கேழ்வரகுப் பான மாவை இதற்கு ஈடாக நினைக்கவும் வேண்டாம். ஒரு தம்ளரில் கரைப்பது இரண்டு கரண்டி மாவு, அதிலும் ஒரு பகுதி சர்க்கரை.

அடுத்தது பயறு. பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, கறுப்பு உளுந்து ஆகியவற்றில் 100 கிராமுக்கு 150 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கும். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மாலைச் சிற்றுண்டியாக்குங்கள். ஒரு கைப்பிடிப் பயறு, அதாவது ஐம்பது கிராம், 75 முதல் 100 மில்லிகிராம் வரை தரும். வாரம் ஒருநாள் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தில் களி கிண்டினால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். உளுந்தங்களியைப் பெண் குழந்தைகளுக்கு மட்டும் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆண்களின் தேவை இன்னும் அதிகம்.

இங்கே ஊறவைப்பதன் பலனைச் சொல்ல வேண்டும். தானியத்திலும் பயற்றிலும் ஃபைட்டிக் அமிலம் (தாதுக்களைக் கட்டிப் பிடித்து, குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பொருள்) இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் அது குறையும். இட்லி மாவைப் பொங்கவிடுவதும், கம்பங்கூழை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிடுவதும் நல்ல பழக்கங்கள். வேகவைத்த நீரைக் கொட்டுவதுதான் நட்டம். கரைந்த தாதுவில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பயறு வெந்த நீரில் ரசம் வையுங்கள். சோறு வடித்தால் கஞ்சியைக் குடித்துவிடுங்கள். கீரையை முதலில் கழுவி, பிறகு நறுக்கி, குறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து அந்த நீரோடே கடையுங்கள்.

கீரையின் பச்சையத்துக்கு நடுவில் இருக்கும் அணுவே மெக்னீசியம்தான் என்பதால் கரும்பச்சையாக உள்ள எந்தக் கீரையும் உதவும். முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என்று சந்தையில் கிடைக்கும் கீரைகள் இதில் முன்வரிசை. பாலக்கிலும் நிறைய உண்டு. ஆனால் அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் உறிஞ்சுதலைக் கொஞ்சம் குறைக்கும். ஒரு கட்டுக் கீரையை நான்கு பேர் பங்கிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிடுவதால் பெரிய பயன் இல்லை. ஒருவருக்கு ஒரு கிண்ணம் வேண்டும்.

எள், வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பூசணி விதை எல்லாம் அளவில் சிறியவை, சத்தில் அடர்த்தியானவை. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் முப்பது மில்லிகிராம் இருக்கும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி அரைத்து வைத்துக்கொண்டால் தினமும் தானாகச் சேரும். வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி ஏறக்குறைய ஐம்பது மில்லிகிராம் தரும். விலை கூடிய பாதாம்தான் வேண்டும் என்பதில்லை. அதே சமயம் வாழைப்பழம் பற்றிய பேச்சு மிகை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் முப்பது மில்லிகிராம் இருந்தால் அதிகம்.

குடிநீரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடினத் தண்ணீரில் (கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீர்) ஓரளவு மெக்னீசியம் கிடைக்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடும். அதற்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தட்டில் ஈடுசெய்துகொள்ளலாம்.

குறுக்குவழிகளில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். பேதி உப்பு என்று கடையில் கிடைப்பது மெக்னீசியம் சல்பேட். “இதுவும் மெக்னீசியம்தானே” என்று அதைத் தினமும் நீரில் கரைத்துக் குடிப்பதைச் சிலர் பரப்புகிறார்கள். அது குடலில் நீரை இழுத்துப் பேதியாக்கும். உள்ள உப்புச்சத்துகளும் அதோடு போகும். அளவு மீறினால் ரத்தத்தில் மெக்னீசியம் ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சும் இதயமும் தடுமாறும் ஆபத்து உண்டு. கர்ப்பகால வலிப்புக்கு மருத்துவமனையில் இதே உப்பை ஊசியாகத் தருவது உண்மைதான். அங்கே மூச்சையும், முழங்கால் அனிச்சை அசைவையும், சிறுநீர் அளவையும் விடாமல் கவனித்துக்கொண்டே தருகிறார்கள். இந்த உப்பு கரைத்த வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். தோல் வழியே மெக்னீசியம் உடலுக்குள் சேரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

மருத்துவர் மாத்திரை எழுதினால் சில செய்திகள் தெரிந்திருப்பது நல்லது. மெக்னீசியம் ஆக்சைடு விலை மலிவு, ஆனால் உறிஞ்சப்படுவது குறைவு, வயிற்றுப்போக்கும் ஏற்படுத்தும். சிட்ரேட் அதைவிட நன்றாக உறிஞ்சப்படும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது உப்பின் மொத்த எடையா, அதில் உள்ள மெக்னீசியத்தின் அளவா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். மாத்திரையாக நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. உணவில் வரும் மெக்னீசியத்துக்கு இந்த வரம்பு இல்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலும்புத் தேய்வுக்கான அலண்ட்ரோனேட், நுண்ணுயிர்க்கொல்லிகளான சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றையும் இதோடு சேர்த்துப் போட்டால் அவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. மிகுதியான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்திருக்கும்போது மெக்னீசியம் மாத்திரை மட்டுமல்ல, மெக்னீசியம் கலந்த வாயுக் கோளாறு மருந்துத் திரவமும் பேதி மருந்தும் கூட ஆபத்தாகலாம். கீரை, பயறு, கொட்டைகளில் பொட்டாசியமும் மிகுதி என்பதால் அவர்களின் உணவுக் கணக்கே வேறு. மற்றவர்களிடம் கொட்டாதீர்கள் என்று சொன்ன அதே வேகவைத்த நீரை, இவர்களுக்கு வடித்துவிடச் சொல்வார்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர்களுடைய ரத்த அறிக்கையைப் பார்த்து, சிறுநீரக மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவு செய்ய வேண்டும்.