இஸ்ரேலுக்குப் போகிற மகனுக்கு

நோட்டன் பிரிட்ஜ்



பெரியப்பா எழுதுவது.  ஒரு கிழமையாக மழை விட்டபாடில்லை. கெகல்கமு ஓயா நிரம்பி அணைக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இஸ்ரேலில் விவசாய வேலைக்கு நீ தெரிவாகிவிட்டாய் என்று உன் அப்பா வந்து சொன்னான். சந்தோசம். 10,000 பேரை அனுப்புவதற்கு 2023 நவம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தானதிலிருந்து நம் பக்கத்துப் பொடியன்களும் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைகிறார்கள். ஏன் போகிறாய் என்று கேட்கமாட்டேன். கொழுந்துக்கூடை சுமந்த தாய் வளர்த்த பிள்ளை அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நீ போனில் அனுப்பிய மற்றக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். கொழும்பில் நீ போகிற ஜெபக்கூடத்தில் மேடை ஓரமாக இஸ்ரேல் கொடி வைத்திருக்கிறார்களாம். அந்த நாட்டை ஆசீர்வதிக்கிறவனுக்கு ஆசீர்வாதம், எதிர்த்துப் பேசுகிறவனுக்குச் சாபம் என்று போதகர் சொன்னாராம். இங்கே திடப்படுத்தல் வகுப்பில் நம் சபைக் குரு ஐயா சொல்லிக்கொடுத்ததோ வேறு: யூதருடைய காலம் முடிந்தது, இனிச் சபைதான் இஸ்ரவேல். எது சரி பெரியப்பா என்று கேட்டிருந்தாய். இரண்டிலும் பாதி இருக்கிறது. அந்தப் பாதியை முழுசாக்கியதில்தான் சங்கடமெல்லாம்.

முதலில் ஆதியாகமம் 12ஐ எடு. ஆபிரகாமுக்குக் கர்த்தர் சொன்ன வாக்கில் உன் போதகர் ஆசீர்வாதம், சாபம் இரண்டையும் படித்துவிட்டு நிறுத்திவிட்டார். அதே வசனத்தின் மிச்சத்தில், பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வாதம் பெறும் என்று இருக்கிறது. நமக்கு இடம் அங்கேதான். இஸ்ரவேல் என்ற பெயர் பிறக்குமுன்னே, வெளியாரையும் கணக்கில் வைத்துத்தான் அந்த வாக்கே கொடுக்கப்பட்டது.

அடுத்து 15ஆம் அதிகாரம். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அது. ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா, மூன்றையும் நடுவே பிளந்து எதிரெதிரே வைக்கிறான் ஆபிராம். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடப்பார்கள். வாக்கு மாறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கும் வரட்டும் என்பது பொருள். எரேமியா 34இல் இது வெளிப்படையாகவே வருகிறது. ஆனால் ஆபிராம் நடக்கவில்லை. அவனுக்கு அயர்ந்த தூக்கம் வந்துவிட்டது. புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியும் மட்டும் நடுவே கடந்து போயின. பலமுள்ளவர் தன்னைத்தானே கட்டிக்கொண்டார், பலவீனன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நம் மலையகத் தோட்டச் சனத்துக்குத் தெரிந்த ஒப்பந்தங்கள் இதற்கு நேர்மாறு. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். நம் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பத்து வருசம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மில் ஒருவரிடமும் கேட்கவில்லை. உன் தாத்தாவின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போக, ஒப்பாரிக் கோச்சி என்று சனம் சொன்ன ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போனது. தாத்தா இங்கேயே நின்றார். கட்டுப்பட்டது பலவீனன், கையெழுத்திட்டது பலமுள்ளவன். இதை அனுபவித்தவர்கள் நாம். ஆதியாகமம் 15இன் அருமை கொழும்புக் கோயில்களைவிட நம் லயத்துக்கு விளங்க வேண்டும்.

அதற்காக நிபந்தனையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. மோசே மூலம் கொடுத்த நியாயப்பிரமாணத்தில் கீழ்ப்படிந்தால் இது, மீறினால் இது என்று பட்டியலே உண்டு. உபாகமம் 28ஐப் பார். மீறினார்கள், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். தேசம் பறிபோனது, உறவு அறுந்துபோகவில்லை. அந்த அழிவின் நடுவில்தான் எரேமியா 31 புது உடன்படிக்கையைப் பேசுகிறது. யாரோடு? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் வாங்கும்போது இதை நினைத்துக்கொள். பஸ்கா இராத்திரியில், யூதப் பந்தியில், யூதச் சீடர்களுக்கு யூதரான இயேசு கொடுத்த பாத்திரம் அது. நாம் பிறகு வந்து உட்கார்ந்தவர்கள். அந்நியரும் பரதேசிகளுமாக இருந்த நம்மைக் கிறிஸ்து வீட்டுக்காரராக்கினார் என்று எபேசியர் 2 சொல்கிறது. வீட்டில் சேர்த்தார், வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டு வீட்டை நமக்கு எழுதித் தந்தார் என்று அங்கே இல்லை.

அப்படியானால் நாமும் யூதர் மாதிரி ஆக வேண்டுமா? நம் தமிழ்ச் சபைகளில் இந்தக் கேள்வி பழசு. 1857 வாக்கில் திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் பக்கம், சட்டாம்பிள்ளை என்று பேரெடுத்த அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிமாரோடு முரண்பட்டுத் தனிச்சபை கண்டார். இந்து கிறிஸ்தவ சபை என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய வழக்கமெல்லாம் வேண்டாம், வேதத்தில் உள்ளபடியே செய்வோம் என்று சனிக்கிழமை ஓய்வுநாளையும் எபிரெய முறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. துரைமாருக்குக் கைகட்டி நிற்கமாட்டேன் என்றவர் அவர். 1854இல் நம் தோட்டங்களுக்காகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது உபதேசிமார் வந்ததும் அதே திருநெல்வேலியிலிருந்துதான். அந்த ரோசத்தில் கொஞ்சம் அவர்களோடு மலையேறி வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய பதில் அப்படியே நிற்கிறது. கிறிஸ்துவுக்குரியவனே ஆபிரகாமின் சந்ததி. அதற்கு விருத்தசேதனமும் வேண்டாம், எக்காளமும் வேண்டாம், மேடையில் கொடியும் வேண்டாம்.

இனி ரோமர் 11. உன் தாத்தா பங்களாத் தோட்டத்தில் ரோசாவுக்கு ஒட்டுக் கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். காட்டு ரோசாவை அடியாக வைத்து, அதன் பட்டையைக் கீறி, நல்ல ரோசாவின் மொட்டைச் சொருகி வாழைநாரால் கட்டுவார். வேர் முரட்டு வேர், பூ நல்ல பூ. பவுல் இதைத் தலைகீழாகச் சொல்கிறார். நல்ல ஒலிவமரத்தில் காட்டு ஒலிவக் கிளையை ஒட்டவைத்தார்களாம். தோட்டக்காரர் வழக்கமாகச் செய்யாத வேலை. இயல்புக்கு விரோதமானது என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். அந்தக் காட்டுக் கிளைதான் நீயும் நானும். ஒட்டிய கிளை முறிந்த கிளையைப் பார்த்துப் பெருமையடிக்காதே, வேரை நீ சுமக்கவில்லை என்று உடனே ஒரு அதட்டலும் போடுகிறார். தேவன் கொடுத்த வரத்தையும் அழைப்பையும் திரும்ப வாங்குவதில்லை என்கிறார். இஸ்ரவேலெல்லாம் இரட்சிக்கப்படும் என்றும் எழுதுகிறார். எப்போது, எப்படி என்று கேட்டால், அதை இரகசியம் என்று சொல்லித் தேவனைத் துதித்துவிட்டு அதிகாரத்தை முடிக்கிறார். நானும் அதற்கு மேலே போகமாட்டேன்.

சபை அந்த அதட்டலுக்குக் காது கொடுக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, நாங்களே மெய்யான இஸ்ரவேல் என்று ஒரு யூதரோடு வாதாடி எழுதினார். அப்போது சபை சிறியது, அடி வாங்குகிற கூட்டம். அது வெறும் வாதம். சபையின் கையில் அரசாங்கம் வந்ததும் அதே வாதம் பட்டயமாகிவிட்டது. 1543இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய புத்தகத்தை இன்று லூத்தரன் சபைகளே வெட்கத்தோடு தள்ளி வைத்திருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பாவின் நடுவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான், 1965 அக்டோபர் 28ஆம் திகதி, யூதர்கள் தேவனால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று போதிக்கக் கூடாது என வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. அவர்களும் ரோமர் 11இல்தான் போய் நின்றார்கள். ஆகவே நம் ஐயா சொன்னதில் சபை ஆபிரகாமின் வீட்டைச் சேர்ந்தது என்பது சரி. யூதருடைய காலம் முடிந்தது என்பது தவறு.

உன் போதகர் சொன்னது வேறொரு கால்வாய் வழியாக வந்த தண்ணீர். இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு ஒரு திட்டம் என்று தேவனுடைய காரியத்தை இரண்டாகப் பிரித்துப் போதித்தவர் டார்பி என்பவர். அவர் அதைத் தொடங்கியது 1830களில், நம் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலத்தில். 1909இல் ஸ்கோபீல்டு அதைத் தன் வேதாகமப் பதிப்பில் அடிக்குறிப்பாகப் போட்டார். அடிக்குறிப்பையும் வசனத்தையும் ஒன்றாக நினைத்து வாசித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. யூத சனத்தின் மேல் தேவனுக்கு இன்னும் அன்பு உண்டு என்று அவர்கள் பிடித்துக்கொண்டது சரிதான். 1948 மே 14ஆம் திகதி பிறந்த ஒரு அரசாங்கம் செய்வதையெல்லாம் அந்த வாக்குத்தத்தத்தோடு முடிச்சுப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியாது. ஆகாபும் இஸ்ரவேலின் ராஜாதான். எலியா அவனுக்குக் கொடி பிடிக்கவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் போய் நின்று, கொலையும் செய்து காணியும் பிடித்தாயா என்று கேட்டான்.

காணி என்றதும் நம் ஆட்களுக்குக் காது கூர்மையாகும். ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் எப்போது கிடைக்கும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற சனம் நாம். லேவியராகமம் 25ஐ வாசி. தேசம் என்னுடையது, நீங்கள் என் இடத்தில் தங்குகிற பரதேசிகள் என்று கர்த்தர் இஸ்ரவேலுக்கே சொல்கிறார். எசேக்கியேல் 47இன் கடைசிக்குப் போ. தேசத்தைத் திரும்பப் பங்கிடும்போது, உங்கள் நடுவே குடியிருந்து பிள்ளை பெற்ற அந்நியரையும் தேசத்தில் பிறந்தவரைப்போல எண்ணிப் பங்கு கொடுங்கள் என்று கட்டளை இருக்கிறது. முதன்முதலில் அதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்த மலையில் பிள்ளையும் பேரப்பிள்ளையும் பெற்றவர்களிடம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் கேட்டது. நாடில்லாதவர்களானோம். அந்தக் கணக்கு 2003இல்தான் ஒருவழியாகத் தீர்ந்தது. அதே 1948இல், யூதருக்கு ஒரு நாடு கிடைத்த போரில், 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. நம் அங்கிலிக்கன் சபைக் குருவான நயீம் அதீக் அப்போது பதினொரு வயதுப் பிள்ளை. பெய்சான் ஊரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு நாசரேத்தில் வளர்ந்தார். யாத்திராகமத்தை வாசிக்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆகவே மகன், அங்கே போனதும் யாருக்கும் கொடி பிடிக்காதே. 2023 அக்டோபர் 7ஆம் திகதி கொல்லப்பட்ட ஏறக்குறைய 1,200 பேரில் நம் நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். அதன்பின் காசாவில் செத்த பல்லாயிரம் பேரில் பச்சைப்பிள்ளைகள் எத்தனையோ. இதில் எந்தச் சாவையும் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று பேசுகிறவனோடு சேராதே. உன் முதலாளியிடம் போய் இயேசுவை ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தர்க்கம் செய்யாதே. அவருடைய பாட்டன் பூட்டனைக் கிறிஸ்தவர்கள் என்ன பாடுபடுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் பெரும்பாலான இடங்களில் பஸ் நின்றுவிடும். அந்த ஓய்வுநாளை அவர்கள் வீட்டில் எப்படி வரவேற்கிறார்கள் என்று மரியாதையோடு கவனி. நம் வேர் அது. லீவு கிடைத்தால் நாசரேத்துக்குப் போ. அங்கே நம் சபைக்கு ஆலயம் இருக்கிறது. அரபு மொழியில் ஆராதனை நடக்கும். பாஷை விளங்காவிட்டாலும் அவர்களோடு முழந்தாளிட்டு நற்கருணை எடு. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவைக்காதே. ஒப்பந்தத்தில் எழுதிய பண்ணையை விட்டு வேறிடத்துக்கு ஓடாதே.

புறப்படுமுன் ரோமர் 9, 10, 11 மூன்றையும் ஒரே இருப்பில் வாசித்துவிட்டு விமானம் ஏறு. நான் எழுதியதில் எங்கேயாவது பவுல் வேறு விதமாகச் சொல்வதாக உனக்குப் பட்டால், பவுலையே நம்பு, எனக்கும் எழுது.

உன் அன்புள்ள,
பெரியப்பா