தூங்கும் சிசுவுக்குப் பாலூட்டும் முறை

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது எல்லா வீடுகளிலும் வழங்கும் பழமொழி. பிறந்து சில தினங்களே ஆன சிசுவின் விஷயத்தில் இதை நம்பி வாளாவிருத்தல் அபாயகரமானது. பசித்து அழுவதற்கும் உடலில் பலம் வேண்டும். அப்பலமில்லாத சிசு அழாமல் உறங்கிக்கொண்டேயிருக்கும். வீட்டுப் பெரியவர்களோ, “சமர்த்துப் பிள்ளை, தாயைத் தொந்தரவு செய்வதேயில்லை” என்று மெச்சிக்கொண்டிருப்பார்கள்.

பிரசவ அயர்ச்சியால் முதல் இரண்டொரு நாள் சிசு அதிகம் தூங்குவது சகஜமே. 37 வாரம் நிறையுமுன் பிறந்ததும், 2½ கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளதும், மஞ்சள் கண்டதும் இன்னும் அதிகமாகத் தூங்கும். இவற்றுள் மஞ்சளின் போக்கு கவனிக்கத்தக்கது. உடம்பில் சேரும் மஞ்சட் பொருள் பெரும்பாலும் மலத்தின் வழியாகவே வெளியேறுகிறது. பால் குறைந்தால் மலம் குறையும். மலம் குறைந்தால் அப்பொருள் குடலிலிருந்து மீண்டும் இரத்தத்தில் ஏறும். அது ஏற ஏறத் தூக்கம் மிகும். தூக்கம் மிக, பால் இன்னும் குறையும். ஆரம்பத்திலேயே இச்சக்கரத்தைத் தடுக்கும் வழி, சிசு கேளாவிடினும் எழுப்பிப் பாலூட்டுவதாம்.

ஆகையால், பிறந்தபோதிருந்த எடையைச் சிசு மீண்டும் அடையும் வரையில் (இதற்குச் சுமார் 10 முதல் 14 நாள் செல்லும்) ஒரு முறை ஊட்டத் தொடங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் விடலாகாது. இரவும் இதற்கு விலக்கன்று. ஒரு நாளில் 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டும். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சுமார் ஒரு தேக்கரண்டிச் சீம்பாலே போதுமாதலால், பால் இல்லையென்று தாய் மனந்தளர வேண்டுவதில்லை. ஈன்ற கன்று தானே எழுந்து மடியை நாடாவிட்டால், அதைத் தாங்கிப் பிடித்துச் சீம்பால் ஊட்டாத மாட்டுக்காரர் உண்டோ? பால் சங்க அங்கத்தினர்களுக்கு இதை விவரிப்பது மிகை.

இமை துடித்தல், வாய் சப்புதல், கை அசைத்தல் ஆகியவை தென்படும் சமயம் எழுப்புவது எளிது. சுற்றிய துணியை நீக்கி, ஈரத்துணியை மாற்றி, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து, மேலே ஒரு துணி போர்த்துக. முதுகையும் உள்ளங்காலையும் மெல்லத் தடவி, சில துளி தாய்ப்பாலை உதட்டில் படவிடுக. சிறிது குடித்து உறங்கிவிட்டால் மறு மார்புக்கு மாற்றுக. கிள்ளுதல், குளிர்ந்த நீர் தெளித்தல் கூடா. சேனையென்று சர்க்கரை நீரும் தேனும் வைப்பது அறவே தகாது. விழித்தும் சப்ப மாட்டாத சிசுவுக்குத் தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீச்சி, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உறங்கும் வாயில் ஊற்றினால் புரையேறும்.

ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, மலமும் மஞ்சளாக மாறியிருப்பின் பால் போதுகிறதென்று கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் எழாமை, குடிக்க மறுத்தல், உடல் துவளுதல், சுரம் அல்லது உடல் சில்லிடுதல், வலிப்பு, நிமிஷத்துக்கு 60 முறையும் அதற்கு மேலும் மூச்சு வாங்குதல், பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரிப்பதில் பொழுதைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி இலவசமாக வரும். நோயுற்ற சிசுவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டமும் 2011ல் ஏற்பட்டது. கடன் கிடைக்கட்டுமென்று காத்திருக்க அவசியமில்லை. வழி நெடுகச் சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து, உடல் குளிராமல் கொண்டுசெல்க.