சவர்க்காரமும் மிகைக்கொழுப்பும்

எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. மயிலாப்பூரிலுள்ள நாட்டுமருந்துக் கடைகளில் சீயக்காயும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. உடல் முழுதும் நல்லெண்ணெய் பூசிச் சீயக்காய்த்தூளால் தேய்த்துக் குளிப்போர், அவ்வெண்ணெயை அறவே போக்கிவிடுவதில்லை. சிறிதளவு தோலின்மேல் தங்கும்படி விடுவர். முற்றும் போக்கினால் தோல் வறண்டு வெளிறும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். வீட்டில் சவர்க்காரம் செய்வோர் கூறும் மிகைக்கொழுப்பு என்பதும் இதனோடு ஒத்ததொரு கருத்தே ஆகும்.

சோப்பு என்று நாம் வழங்கும் பொருளுக்கு வழலை, சவர்க்காரம் என்னும் பெயர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றே வழங்குவர். அப்பெயருக்குள்ளேயே ‘காரம்’ அமைந்திருத்தல் காண்க. எண்ணெயும் எரிசோடா என்னும் காரமும் கூடுங்கால், அவ்விரண்டும் தத்தம் இயல்பு கெட்டு, வழலையும் கிளிசரினும் தோன்றுகின்றன. எண்ணெய்களின் இவ்வமைப்பை ஆராய்ந்து, 1823-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் செவ்ரோல் ஆவார்.

ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென ஓர் அளவு காரத்தையே ஏற்கும். தேங்காயெண்ணெய் 100 கிராம் முழுதும் வழலையாக ஏறத்தாழ 18.3 கிராம் எரிசோடா வேண்டும். அதே நிறையுள்ள நல்லெண்ணெய்க்கு 13.4 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்கு 12.8 கிராமும் போதும். காரம் இவ்வளவினும் மிகுந்தால், மிகுந்த காரம் வழலையில் தனித்து நின்று தோலை அரிக்கும். குறைந்தால், எண்ணெயில் ஒரு பகுதி மாறாது எஞ்சும். இங்ஙனம் எஞ்சுமாறு வேண்டுமென்றே காரத்தைக் குறைத்தலையே மிகைக்கொழுப்பு வைத்தல் என்பர்.

தேங்காயெண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் கொண்டு வழலை செய்வதாகக் கொள்வோம். இவற்றிற்கு வேண்டும் எரிசோடா முறையே 128.1, 26.8, 12.8 கிராம்; ஆகமொத்தம் 167.7 கிராம். நூற்றுக்கு ஐந்து மிகைக்கொழுப்பு வேண்டுமாயின், காரத்தில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 159.3 கிராம் இடல் வேண்டும். கணக்கு இவ்வளவே. ஆயினும் பலர் இடறுவது கணக்கில் அன்று, அளவையில்தான்.

எண்ணெயைக் கடையில் லிட்டராக வாங்குகிறோம். கணக்கோ கிராமில் உள்ளது. ஒரு லிட்டர் தேங்காயெண்ணெயின் நிறை 1,000 கிராம் அன்று. ஏறத்தாழ 920 கிராமே. இதனை மறந்து, 1,000 கிராமுக்கு ஐந்து விழுக்காடு குறைத்து 173.9 கிராம் காரத்தை இட்டவர், தாம் காரத்தைக் குறைத்தே இட்டதாக எண்ணுவார். உண்மையில் 920 கிராம் எண்ணெய்க்கு வேண்டுவது 168.4 கிராமே. ஆகவே ஐந்து கிராமுக்கு மேல் காரம் மிகுந்துவிடும். பார்வைக்கு நல்ல வழலைபோலவே அக்கட்டி தோன்றும். குழந்தையின் உடம்பில் தேய்த்த பின்னரே அதன் கொடுமை வெளிப்படும். எடைபோடாமல் வழலை செய்யத் துணிதல் கூடாது.

அளவிற் பிழையில்லாவிடினும் இயற்கை வேறுபாடுகள் உண்டு. எண்ணெய்க்கு எண்ணெய் காரத்தின் தேவை சிறிது மாறும். மிகைக்கொழுப்பு இவ்வேறுபாட்டைத் தாங்கும் காப்பாகவும் நிற்கிறது. எரிசோடாவோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் புட்டியை மூடாது வைத்தால், சில நாளில் அது கசிந்து வலி குறையும். அப்போது நாம் கருதியதினும் மிகுதியான எண்ணெய் வழலையில் எஞ்சும்.

மிகைக்கொழுப்பை மேன்மேலும் கூட்டினால் என்ன என்று சிலர் கேட்கலாம். கூட்டினால் நுரை குன்றும், கட்டி குழையும், எஞ்சிய எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கெடுத்து நாறும். சென்னையின் வெப்பத்தில் இது விரைந்து நேரும். மஞ்சட் புள்ளிகள் தோன்றுவதே அதன் முதற்குறி. எனவே பொதுவாக ஐந்து முதல் எட்டு விழுக்காடு வரை கொள்வர். தேங்காயெண்ணெய் ஒன்றினாலேயே செய்யும் வழலைக்கு மட்டும் இருபது விழுக்காடு வரை வைப்பதுண்டு. அவ்வழலை அழுக்கை வன்மையாக அகற்றித் தோலை வறளச் செய்வதே இதற்குக் காரணம்.

வழலைக் கூழ் கெட்டியாகும் வேளையில் விலையுயர்ந்த எண்ணெய் ஒன்றை இறுதியாக ஊற்றினால், அதுவே மாறாது எஞ்சும் என்று நம்புவார் பலர். காய்ச்சாத முறையில் இது பொருந்தாது. அப்போது பெரும்பகுதி காரம் இன்னும் வினைபுரியாமல் இருக்கும். முதலில் வந்த எண்ணெய், பின்னர் வந்த எண்ணெய் என்று அது வேறுபாடு பாராட்டுவதில்லை. காய்ச்சி முடித்து, காரம் முழுதும் தீர்ந்தபின் ஊற்றினால் அந்நம்பிக்கை பலிக்கும். மிகைக்கொழுப்பு வைத்தமையால் வழலையின் காரத்தன்மை அடியோடு நீங்கும் என்பதும் தவறு. வழலை இயல்பிலேயே சிறிது காரமுடையது.

மிகைக்கொழுப்பு வழலையை மருத்துவத்தில் பரப்பியவர் செர்மனியில் ஆம்பர்க்கு நகரத்துத் தோல் மருத்துவர் உன்னா, காலம் 1880-களாகும். நம் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் 1914-ஆம் ஆண்டில் சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் அரசினர் சோப்பு நிலையம் ஒன்று தோன்றியது.

செய்முறையில் இறங்குமுன் பெரியோர் துணை வேண்டும். காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுக. தண்ணீரைக் காரத்தின்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றியமையாதன. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும். எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. வார்த்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம்வரை நிழலில் காற்றாட அடுக்கி உலர்த்தல் வேண்டும். மழைக்காலத்தில் கட்டிகளின்மேல் வியர்வைத்துளிபோல் நீர் அரும்பினால், அது எஞ்சிய எண்ணெயன்று. வழலையிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்த்தமையால் விளைந்ததாகும்.