புதிய புற்றுநோய்ச் சிகிச்சையும் வைரஸ் நோய்களும்

சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு இப்பொழுது நம் நாட்டிலேயே ஒரு புதிய சிகிச்சை கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' என்னும் அச்சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் அனுமதி கிட்டியது. இத்தகைய சிகிச்சை பெற்று ஊர் திரும்புவோர் நலமுற்றவராகக் காணப்படினும், பல மாதங்கள் வரை வைரஸ் கிருமிகளுக்கு எளிதில் இலக்காகக் கூடியவராவர். இதனைக் குடும்பத்தாரும் ஊராரும் அறிந்திருத்தல் அவசியம்.

சிகிச்சையின் தன்மை

நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களுள் டி-அணுக்கள், பி-அணுக்கள் என்பன உண்டு. டி-அணுக்கள் கிருமி புகுந்த உயிரணுக்களை அழிக்கின்றன. பி-அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் உண்டாகக் காரணமாகின்றன. நோயாளியின் டி-அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய் அணுக்களை இனங்கண்டு அழிக்குமாறு மாற்றிப் பெருக்கி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துவர். இதில் அடையாளமாகக் கொள்ளப்படுவது 'சிடி19' என்னும் புரதம். நல்ல பி-அணுக்களிலும் அது இருப்பதால் அவையும் அழிகின்றன. களையோடு பயிரும் போவது போன்றது இது. சிகிச்சைக்கு முன் தரப்படும் மருந்துகளும் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து விடுகின்றன.

வரக்கூடிய நோய்கள்

சளி, இன்புளூயன்சா, கோவிட் முதலியன பிறரிடமிருந்து தொற்றுவன. வேறு சில, உடலில் உறங்கிக் கிடந்து விழித்தெழுவன. முன்னர்ச் சின்னம்மை கண்டவருக்கு அதே வைரஸ் அக்கியாக வெளிப்படலாம். கல்லீரலில் ஒடுங்கியிருந்த ஹெபடைடிஸ்-பி மீண்டும் தலைதூக்கலாம். ஆகவே அதற்குச் சிகிச்சைக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்கின்றனர்.

செய்ய வேண்டுவன

1. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே சிகிச்சையளித்த வைத்தியருக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

2. அக்கி கண்டால் காவி எழுதிக் காலங் கடத்தலாகாது. மருந்து தொடக்கத்திலேயே தரப்பட வேண்டும்.

3. வைரஸ் தடுப்பு மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தலாகாது.

4. வீட்டிலுள்ளோர் இன்புளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நோயாளிக்கும் காவலாகும்.

5. போலியோ சொட்டு மருந்தில் பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ் உள்ளது. அது குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளிப்படும். எனவே அவ்வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்து தருமுன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் நிலைமையைக் கூறி, ஊசி மருந்து குறித்து ஆலோசனை பெறுக. தடுப்பு மருந்தையே கைவிடுவது தவறு.

ஊராரின் கடமை

நோயுற்றவரைத் திரளாகச் சென்று நலம் விசாரிப்பது நம் பண்பாடு. ஆயினும் இருமலுடன் வரும் ஓர் உறவினரே இவருக்கு ஆபத்தைக் கொணரக் கூடும். சளியோ காய்ச்சலோ உள்ளவர் சில நாள் விலகி நிற்பதே மெய்யான அன்பாகும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பதுடன், இரவிலும் நோயாளியைக் கொண்டு செல்ல வாகன வசதிக்கு முன்கூட்டியே வழி செய்து வைப்பாராயின், அரிய முயற்சியால் மீட்கப்பட்ட உயிர் சாதாரணக் காய்ச்சலுக்குப் பலியாகாமல் காக்கப்படும்.