சந்தேகம் என்னும் சரக்கு



மூட்டையில் வரும் மிளகைக் கையில் அள்ளி, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே நாம் விலை பேசுகிறோம். ஆனால் கைபேசியில் வரும் செய்தியை அவ்விதம் சோதிக்கிறோமா? "பூமி சூடேறுகிறது என்பது வெறும் புரளி" என்றொரு செய்தி வருகிறது. படித்த மறுகணமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். கலப்படச் சரக்கைக் கைமாற்றுவது குற்றமெனில் இதுவும் குற்றமன்றோ? ஆகவே, இவ்விஷயத்தில் உண்மை யாது, புரட்டு யாது, புரட்டை நம்புவோரிடம் பேசும் முறை யாது என்று சிறிது ஆராய்வோம்.

உண்மை யாது?

பூமியினின்று வெளிச்செல்லும் உஷ்ணத்தில் ஒரு பகுதியைக் கரியமில வாயு தடுத்து நிறுத்துகிறது. இது நேற்று எழுந்த பேச்சன்று. வாயுக்கள் உஷ்ணத்தைத் தடுப்பதை 1859-ல் ஜான் டிண்டல் என்னும் விஞ்ஞானி சோதனைச் சாலையில் அளந்து கண்டார். இவ்வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-ல் சுவீடன் தேசத்து அர்ரேனியஸ் கணக்கிட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. யந்திரத் தொழில் பெருகுமுன் இருந்ததோ சுமார் 280. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த பற்று, காற்றென்னும் பேரேட்டில் இவ்விதம் ஏறியிருக்கிறது.

புரட்டுகள் மூன்று

1. "சீதோஷ்ணம் முன்பும் மாறியதுண்டே!" ஆம், மாறியதுண்டு, காரணமின்றி மாறியதில்லை. முன்பு எலியால் அரிசி குறைந்ததுண்டு என்பதற்காக, இன்று மூட்டையைத் தூக்கிச் சென்றவனை விட்டுவிடுவோமா?

2. "சூரியனே காரணம்." 1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. அது கூடிவரக் காணோம். மேலும் சூரியனே காரணமாயின் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது.

3. "எரிமலைகள் கக்குவதே அதிகம்." அவை ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

விற்பவர் யார்?

சந்தேகமே தங்கள் சரக்கு என்ற கருத்தை 1969-ல் அமெரிக்கச் சிகரெட் கம்பெனி ஒன்று தன் உட்குறிப்பில் எழுதி வைத்தது. சிகரெட் தீங்கற்றது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஜனங்கள் ஐயுற்றாலே வியாபாரம் நடக்கும். 1989-ல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் கூடி அமைத்த உலகச் சீதோஷ்ணக் கூட்டணியும் அதே சரக்கைத்தான் விரித்தது. 2002-ல் அது கலைந்தது. சரக்கு மட்டும் இன்னும் சந்தையில் இருக்கிறது.

பேசும் முறை

முதலில் உண்மையைச் சொல்லுங்கள். பொய்யை முதலில் சொன்னால் அதுவே நெஞ்சில் தங்கும். பிறகு, "இப்படியொரு பொய் உலவுகிறது" என்று எச்சரித்து, அதிலுள்ள தந்திரத்தைக் காட்டுங்கள். உண்மையையே மீண்டும் சொல்லி முடியுங்கள். பெரியவர் ஒருவரை நாலுபேர் முன்னிலையில் மடக்காதீர்கள். தனியே சொன்னால் ஏற்பார், சபையில் சொன்னால் பிடிவாதம் கொள்வார்.

மிகைப்படுத்தலும் ஆகாது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியையும், டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையும் தடுத்தபோது கொள்முதலுக்கு அலைந்தவர்கள் நம்மிலும் உண்டு. பருவமழை ஒழுங்கு தவறியது அதற்கொரு காரணம். அவ்வாண்டின் எல் நினோவும் அதில் சேர்ந்தது. எல்லாப் பழியையும் உலக உஷ்ணத்தின் மீதே சுமத்துவது குறைநிறையாகும். எனினும், உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும் கனமழை மேலும் கனக்கும். விளைச்சல் கெட்டால் முதலில் அறிவது வியாபாரியே.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். யார் சொன்னது, எதை அளந்து சொன்னது, இதனால் யாருக்கு இலாபம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளையும் கலந்து பேசுங்கள். விடை கிடைக்காத செய்தியை எவருக்கும் அனுப்பாதீர்கள். நம் வாக்கை நம்பிக் கடனுக்கும் சரக்குத் தருகிறார்களே, அந்த நாணயம் நாம் அனுப்பும் செய்தியிலும் இருக்கட்டும்.