பகுபதமும் ஆங்கிலச் சொல்லும்

நெய்வேலியிற் பிறந்து வளரும் சிறுவர்க்கு ஆங்கிலத்தில் முதன்முதல் தெரியவரும் சொற்களுள் 'மைன்' என்பது ஒன்று. தந்தையார் 'மைனுக்கு'ப் போயிருக்கிறார் என்றால் சுரங்க வேலைக்குச் சென்றிருக்கிறார் என்பது பொருள். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒரு பேனாவை உயர்த்திக் காட்டி, 'திஸ் பென் இஸ் மைன்' என்னும் வாக்கியத்திற்குப் பொருள் வினவியபோது, 'இந்தப் பேனா சுரங்கம்' என்று யான் விடை பகர்ந்தேன். வகுப்பு முழுதும் நகைத்தது. அந்நகைப்புக்கு அஞ்சி, நெடுங்காலம் ஆங்கில வகுப்பில் வாய் திறந்திலேன். சொற்களை எழுத்தெழுத்தாக நெட்டுருச் செய்து, தேர்வில் எழுதி, மறுநாளே மறந்துவிடுவது வழக்கமாயிற்று. தமிழ்வழிப் பள்ளிகளினின்றும் இக்கல்லூரிக்கு வருவோருட் பலர் இந்நிலையிலேயே வருகின்றனர் என்பதை உடன் பயில்வோர் அறிவர். அவர்கட்குச் சிறிதேனும் பயன்படுமென்று கருதியே, தமிழிலக்கணம் கற்கும் யான் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பவணந்தியார் நன்னூற் பதவியலில், பதத்தைப் பகாப்பதம் எனவும் பகுபதம் எனவும் இரண்டாக்கி, பகுபதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புக்கள் கூறினர். அவ்வியலைப் பயின்ற நாளில், ஆங்கிலச் சொல்லையும் இங்ஙனம் பகுத்துக் காணலாகாதோ என்னும் எண்ணம் எனக்குத் தோன்றிற்று. சோதனைக்கு எடுத்துக்கொண்டது என் தந்தையார் நாடோறும் வழங்கும் 'கன்வேயர்' என்னும் சொல். 'கன்வே' என்பது பகுதி. கொண்டு சேர்த்தல் என்பது அதன் பொருள். ஈற்றில் நிற்பது வினைமுதலை உணர்த்தும் விகுதி. வெட்டிய மேல்மண்ணைக் கொட்டிப் பரப்பும் பொறியாகிய 'ஸ்பிரெட்டர்' என்பதும் அவ்வாறே முடிந்தது. நம்முடைய 'ஓட்டுநர்' என்பதில் 'நர்' நிற்றலை இதனோடு ஒப்பிடலாம். ஆயினும் நம் விகுதி உயர்திணைக்கே உரியது. ஆங்கிலத்தாரோ திணை நோக்காது மனிதனுக்கும் பொறிக்கும் ஒரு விகுதியையே சேர்த்துவிடுகின்றனர்.

நமக்கு உண்மையான இடர்ப்பாடு சொல்லின் ஈற்றிலன்று, முதலிலேயே உள்ளது. தமிழ்ப் பகுபதத்தில் பகுதி முன்னிற்கும். 'நடந்தனன்' என்பதில் 'நட' என்பதை முதற்கண்ணே கண்டுகொள்கிறோம். அப்பழக்கத்தால் ஆங்கிலச் சொல்லிலும் தலைப்பிலேயே பொருளைத் தேடுகிறோம். ஆங்கிலத்திலோ பகுதிக்கு முன்னும் உறுப்புக்கள் வந்து ஒட்டும். 'எக்ஸ்கவேட்டர்' என்பதைப் பாருங்கள். பெரிய சக்கரத்தின் விளிம்பிற் பொருத்திய வாளிகளால் மண்ணை அரிந்தெடுக்கும் பொறி இது. 'எக்ஸ்' என்பது வெளியே எனப் பொருள்படும் முன்னொட்டு. நடுவில் நிற்பதே பகுதி. அது குழிவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. குகையைக் குறிக்கும் 'கேவ்' என்பதும், பல் மருத்துவர் சொத்தைக் குழியைக் குறிக்கும் 'கேவிட்டி' என்பதும் அதன் சுற்றத்தாரே. ஒன்றைக் கற்றால் மூன்று கைக்கு வரும்.

நெய்வேலிச் சுரங்க வேலையை 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. அதனைக் குறிக்கும் 'லிக்னைட்' என்னும் சொல்லில் 'லிக்னம்' என்பது மரத்தை உணர்த்தும் இலத்தீன் சொல். 'ஐட்' என்பது கல்லுக்கும் கனிமத்திற்கும் இடும் விகுதி. 'பழுப்பு நிலக்கரி' என்று தமிழ் நிறத்தைக் கூற, ஆங்கிலம் பிறப்பைக் கூறுகிறது. எனக்கு ஆங்கிலப் பெயரே இவ்விடத்து இனிக்கிறது. புதையுண்ட காட்டின் நினைவு அதனுள் இருத்தலால். இவ்விகுதி சென்னைப் பக்கத்துக் கல்லொன்றிற்கும் வாய்த்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை மேற் பதித்த கல், பல்லாவரத்துப் பக்கத்துக் கல்லின் இனம் என்று கண்ட நிலநூலார் அவ்வினத்திற்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டனர். கல் நம்முடையது, பெயர் அவருடையது!

பகுத்தல் எங்கும் கைகொடுக்கும் என்று எண்ணற்க. 'டவுன்ஷிப்' என்பதில் 'ஷிப்' கப்பலன்று; தன்மையையோ நிலையையோ உணர்த்தும் பழைய விகுதி. அதனைக் கப்பலாகக் கொண்டாற் பொருள் கவிழும். என்னை நகைப்புக்கு ஆளாக்கிய 'மைன்' என்பதோ ஒரு சொல்லே அன்று. உரிமை குறிப்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல், சுரங்கம் குறிப்பது பிரெஞ்சு மொழி வழியே வந்தது. இரண்டும் தற்செயலாய் ஓருரு எய்தின. இதனை எவரேனும் அன்றே சொல்லியிருந்தால் யான் அத்தனை ஆண்டு ஊமையாய் இருந்திரேன்.

இனிப் பாகுபாடு. பெயர், வினை, இடை, உரி எனத் தமிழ் நான்காக்கியதை ஆங்கில இலக்கணம் எட்டாக்கும். எண்ணிக்கை பெரிதன்று. 'ஷிப்டு' என்பது வேலைமுறையைக் குறித்துப் பெயராய் நிற்கும். அதுவே, உருமாறாது, இடம் பெயர்த்தலைக் குறித்து வினையுமாகும். வாக்கியத்தில் நிற்கும் இடமே வகையைத் தெரிவிக்கும். ஆதலின் சொல்லைத் தனியே நெட்டுருச் செய்வோர் பாதியே கற்றவராவர். சுரங்கத் தொழிலாளர் 'கன்வேயரை ஷிப்ட் செய்தோம்' என்று தமிழ் வினையொன்றைச் சேர்த்தே கூறுவர். இலக்கணம் ஓதாமலே வகையைத் தெளிவாக்கிக்கொண்டனர்.

நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, ஈருடற் கலத்திற்குப் பெயராயிற்று. பின்னர் மூவுடற் கலம் தோன்றவே, மூன்று என்னும் பொருளுடைய 'ட்ரை'யை முன்னே வைத்து, 'மரான்' என்பதை மட்டும் அறுத்தெடுத்து, 'ட்ரைமரான்' என்றனர். தமிழறியாதார் வெட்டிய வெட்டு, நன்னூல் கற்றார் வெட்டியது போலக் கட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சரியாக விழுந்தது. இதனை யான் வியந்து கூறியபோது என் தந்தையார் சற்றே சிந்தித்து, "கட்டை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்களே தம்பி, அது மிதக்குமா?" என்றார்.