ஆவி மெஷினில் உப்பு

ஆவி பிடிக்க மெஷின் வாங்கப் போகிறீர்களா? "ஆவி சரியா வரலைன்னா கொஞ்சம் உப்பு போட்டுக்குங்க சார்" என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். விலை, நிறம், உத்தரவாதம் எல்லாம் அப்புறம். அந்த உப்பு என் மனைவியின் கழுத்தில் தழும்பாக இருக்கிறது.

பெங்களூரில் குடியிருக்கிறவருக்கு மூக்கடைப்பு பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க் குழந்தைகளை இருபது வருஷம் கவனித்து டாக்டர் ஹெச். பரமேஷ் எழுதிய கணக்கில், 1979-இல் நூற்றுக்கு 9 குழந்தைகளிடம் இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் வெளிவட்டச் சாலையே இந்த நெரிசல் நிலைக்கு வந்தது. காலி மனை எங்கும் பார்த்தீனியம், தெருவுக்கு நாலு கட்டிட வேலை, டிசம்பரில் பனி. என் மனைவிக்கு ஆஸ்துமா இல்லை, சைனஸ். மழை முடிந்து குளிர் இறங்கினால் கன்ன எலும்புக்குப் பின்னால் வலி கட்டிக்கொள்ளும். ஹொரமாவில் பத்து மாடிக் கட்டிடத்தில் இருக்கிறோம். குழாயில் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்து வரும், குடிக்க ஆர்.ஓ. மெஷின். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

ஊரில் என் மாமியார் செய்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குண்டானில் நொச்சித் தழை, வேப்பிலை, மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டு, பழுக்கக் காய்ச்சின செங்கல் துண்டை உள்ளே போட்டுப் போர்வையை மூடிவிடுவார். நல்ல முறை. மண் தரையில், பக்கத்தில் குழந்தைகள் இல்லாத வீட்டில் செய்தார். வழுக்கும் டைல்ஸ் தரையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கிற இரண்டடி இடத்தில் அதைச் செய்யக் கூடாது. நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். குண்டான் கவிழ்ந்தால் கொதிநீரும் சேர்ந்துகொள்ளும். இதைச் சொல்லித்தான் என் மாப்பிள்ளை மெஷின் வாங்கினார். காரணம் சரி. வாங்கிய மெஷின்தான் சரியில்லை.

300 ரூபாய்க்கு எல்லா மருந்துக் கடையிலும் தொங்குமே, பிளாஸ்டிக் செம்பு மாதிரி, மேலே ஒரு முகமூடி வைத்தது, அந்த ரகம். ஒரு தடவை மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சூடாக்கும் சுருள் என்று எதுவுமே இருக்காது. இரண்டு உலோகத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் ஃபேஸ், இன்னொன்றில் நியூட்ரல். நடுவில் இருக்கிற தண்ணீர் வழியாகவே கரண்ட் ஓடுகிறது, அதனால் அந்தத் தண்ணீர் கொதிக்கிறது. நான் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 230 வோல்ட் நேராகத் தண்ணீரில் நிற்கிற ஒரு பாத்திரத்தை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? சொன்னேன். "மாமா, நாடு முழுக்க விக்கிறான், லட்சம் பேர் வாங்கியிருக்கான், ரேட்டிங் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. ரேட்டிங் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள் என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை.

அந்த ரகத்தில் ஒரு நல்ல குணமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். தண்ணீர் வற்றித் தகடுகளுக்குக் கீழே போனதும் கரண்ட் தானே நின்றுவிடும். காய்ந்து எரியாது. ஆனால் எவ்வளவு ஆவி வரும் என்பதைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான் முடிவு செய்கிறது. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் மெஷின் பொங்கித் துப்பும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் கண்ணாடிகூட மங்காது, கரண்ட் கடத்த அதில் ஒன்றுமில்லை. "குடிக்கிற தண்ணிதானே சுத்தம், அதையே ஊத்துவோம்" என்று எல்லோரும் நினைப்பதைத்தான் எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். ஆவி வரவில்லை. மாப்பிள்ளை கடைக்கு போன் போட்டார். கடைக்காரர் உப்பு என்றார். எவ்வளவு என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீஸ்பூன் நிறையப் போட்டிருக்கிறார்.

நான் அன்று மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இருந்திருந்தால் நடந்திருக்காது.

உப்புத் தண்ணீரில் கரண்ட் ஒரேயடியாக ஏறும். கொதி படிப்படியாக வராது. சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் அந்தச் சின்ன அறை முழுக்கக் குமிழியாகி, ஆவியோடு கொதிக்கிற உப்புத் தண்ணீரும் முகமூடி வழியாகப் பீய்ச்சும். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் என் மனைவியின் கண் தப்பியது. தாடைக்குக் கீழே, கழுத்தில் விழுந்தது. கை தட்டி மெஷின் மடியில் கவிழ்ந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. 'டக்'கென்று விழுந்தது. சுவர்ப் பெட்டியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும். வீடு வாங்கும்போது "இதுக்குத் தனியா காசா" என்று பில்டரோடு சண்டை போட்டுப் போடவைத்தவன் நான். அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் ஆவி மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டு முதலில் அதைப் போடுங்கள்.

பக்கத்து வீட்டம்மா பற்பசை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார், இன்னொருவர் இட்லி மாவு. என் மகள்தான் இரண்டையும் தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிஷம் தண்ணீர் விட்டிருக்கிறாள். அதைத்தான் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி, கட்டு, களிம்பு, இன்ஷூரன்ஸ்காரர்கள் "உள்நோயாளியாப் படுக்கலையே" என்று கையை விரித்தது, அதையெல்லாம் நீட்ட வேண்டாம்.

பிறகு நானே இறங்கித் தேடினேன். எனக்குக் கிடைத்த வழி எந்த ரேட்டிங்கிலும் இல்லாதது: கடைக்குப் போகும்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். "இதை ஊத்திப் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஆவி வந்தால் உள்ளே சூடாகும் தகடு இருக்கிறது, தண்ணீரும் கரண்டும் தனித்தனி. வரவில்லையென்றால் தண்ணீரிலேயே கரண்ட் விடுகிற ரகம். இரண்டு நிமிஷ வேலை. சிக்பேட்டையில் ஒருவர், "சார், மெஷின் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். மூன்று முள் பிளக்கா என்பதையும் பாருங்கள். எர்த் முள் இல்லாத உலோக மெஷினைத் தொடவே வேண்டாம். சூடாகும் தகடு ரகம் ஆயிரத்துச் சொச்சம் ஆகும். மாப்பிள்ளை மிச்சம் பிடித்த எழுநூறு ரூபாயும் ஆஸ்பத்திரி பில்லும் ஒரே தராசில் வைக்கக்கூடியவையா என்பதை அவரே கணக்குப் போடட்டும்.

சூடாகும் தகடு ரகத்தில் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் தகட்டில் சுண்ணாம்பு படியும். படிந்தால் எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம்.

அல்ட்ராசோனிக் என்று குளிர்ந்த புகை விடும் ஒன்று விற்கிறார்கள். அது அறைக்கு ஈரம் கொடுப்பதற்கு, மூக்குக்கு அல்ல. நம் தண்ணீரை ஊற்றினால் அதிலிருக்கும் சுண்ணாம்பையும் சேர்த்துத் தூளாக்கி நாற்காலி மேசையெல்லாம் வெள்ளை பூசிவிடும், நுரையீரலிலும்தான். தைலம், கிருமிநாசினி எதையும் அதில் கலக்காதீர்கள். தென்கொரியாவில் ஈரப்பத மெஷினில் ஊற்றுவதற்கென்றே கடைகளில் விற்ற கிருமிநாசினி பலர் நுரையீரலைக் கெடுத்து உயிரையும் எடுத்தது 2011-இல்தான் வெளியே வந்தது. நெபுலைசர் மருந்துக்கானது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொட்டு நொச்சிச் சாறுகூட அதில் போகக் கூடாது. அது விடும் துளி நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்குச் சின்னது. எண்ணெய்ப் பசை அங்கே போய்த் தங்கினால் நிமோனியா.

இந்த வரிசையில் என் அக்கா மகனையும் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கிறான். செய்தி கேட்டதும், "மாமா, தண்ணியே வேணாம். காஞ்ச இலையை நேராச் சூடாக்கி இழுக்கிற மெஷின் இங்க இருக்கு, அனுப்பறேன்" என்றான். அவன் காட்டியதை வீடியோவில் பார்த்தேன். இரண்டு வகையாம். ஒன்றில் இலை வைக்கும் குழியின் சுவரே சூடாகும், சுவரைத் தொட்ட இலை வறுபட்டு நடுவில் இருக்கிறது பச்சையாக நிற்கும். இன்னொன்றில் சூடான காற்று இலைக்குள்ளே புகுந்து வரும், எல்லா இலையும் ஒரே மாதிரி சூடாகும், விலையும் அதிகம். 180, 200 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பொறியியலாகப் பார்த்தால் இரண்டாவதுதான் சரியான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மெஷின் அங்கே எந்த இலைக்காக விற்கிறது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தியாவில் கஞ்சாவுக்கு 1985 சட்டம் இருக்கிறது. மெஷினுக்கே 2019-இல் இன்னொரு சட்டம் வந்துவிட்டது. மின் சிகரெட் தடை என்றுதான் பெயர். ஆனால் ஒரு பொருளைச் சூடாக்கி இழுக்கும்படி செய்கிற மின்கருவி என்று அதில் பொதுவாகவே எழுதியிருக்கிறார்கள், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இறக்குமதி செய்தால் முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எழுபதைத் தாண்டியவன் பார்சல் வாங்கப் போய்க் கஸ்டம்ஸ்காரரிடம் "சார், நொச்சிக்குத்தான்" என்று சொன்னால் நம்புவாரா?

காய்ந்த மூலிகையை மூச்சில் இழுக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை என்றும் அவன் வாதாடினான். உண்மைதான். சென்னையில் ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைப்பதைப் பார்த்துத்தான் 1802-இல் ஜெனரல் ஜென்ட் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அப்புறம் ஐரோப்பா முழுக்க ஊமத்தைச் சிகரெட் விற்றது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மருந்து இன்றைக்கும் இன்ஹேலரில் இருக்கிறது. ஆனால் அளவு தவறினால் ஊமத்தை ஆளைப் பிதற்றவைக்கும், கொல்லவும் செய்யும். அதனால்தான் இலையை விட்டு இன்ஹேலருக்குப் போனார்கள். நொச்சியை 200 டிகிரியில் வறுத்து நெஞ்சுக்குள் இழுத்த பாட்டி யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்வளவு சூடு தேவையும் இல்லை. யூக்கலிப்டஸ் வாசனைக்குக் காரணமான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். தண்ணீர் ஆவியோடு சேர்ந்தால் நூறுக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும், தைலம் காய்ச்சுவதே அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதுவே போதும். அதனால் இலையைத் தண்ணீர் அறையில் போடாதீர்கள். போட்டால் சாறு தகட்டில் ஒட்டிக் கருகும். ஆவி வரும் வழியில், முகமூடிக்குக் கீழே ஒரு டீ வடிகட்டியில் கசக்கித் தளர்வாக வையுங்கள். ஆவி அடைபடக் கூடாது. பத்து நிமிஷம். அதற்கு மேல் பிடித்தால் மூக்கின் உள்தோல் வெந்ததுதான் மிச்சம். சின்னக் குழந்தைக்கு எந்த ஆவி மெஷினும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

ஆவி சளியை இளக்கி மூச்சைக் கொஞ்சம் லேசாக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கொரோனாவைக் கொல்லும் என்று எங்கள் அசோசியேஷன்காரர்கள் 2021-இல் கிளப் ஹவுஸ் வாசலில் குக்கரில் குழாய் சொருகிப் பொது ஆவி நிலையம் திறந்தார்கள். வரிசையில் நின்று ஒரே குழாயில் முகம் காட்டினார்கள். அந்த வருஷம் மே மாதம் அன்றைய தமிழ்நாட்டு சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம், தொற்று பரவும் என்று சொன்ன செய்தியை வெட்டி எடுத்து லிஃப்டில் ஒட்டினேன். யாரோ கிழித்துவிட்டார்கள். யார் என்று தெரியும்.

நொச்சிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் "லக்கி சொப்பு" என்று கேளுங்கள். காய்ந்தது வேண்டுமென்றால் கிரந்திகெ அங்கடியில் (நாட்டு மருந்துக் கடை) கிடைக்கும், தூள் வாங்காதீர்கள், வடிகட்டியை அடைக்கும். சாலையோரத் தைல மரத்தின் இலையை ஒடித்துவந்து வாசனை இல்லையே என்று குறைபடாதீர்கள். இங்கே இருப்பது திப்பு காலத்தில் நந்தி மலையில் நட்ட வகையின் வாரிசு, மைசூர் கம் என்பார்கள். தைலத்துக்குப் பேர்போன குளோபுலஸ் ஊட்டிக் குளிரில் வளர்வது. நொச்சி இலையை நிழலில் இரண்டு நாள் வாடவிட்டு வைத்தால் ஒரு வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் வடிகட்டி, இலை, மெஷின் மூன்றும் சமையலறையில் என் அலமாரியில் இருக்கின்றன. மாப்பிள்ளை வந்தால் சாவி என்னிடம்.